மேக்குச் சுவத்து வெக்கை

தம்பி, அங்க உக்காராதீங்க. அது வெயில் பக்கம். சாணார்பட்டி தாண்டுறதுக்குள்ள ஜன்னல் கம்பி கொதிச்சு முழங்கை பொசுங்கிரும். இப்படி வாங்க, என் பக்கத்துல. அந்தப் பையைக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கிறேன். பரவாயில்ல, குடுங்க. எதுவரைக்கும் போறீங்க? நத்தமா. நல்லதாப் போச்சு. நான் கோபால்பட்டியில எறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு.

என்ன, கண்ணை மூடுறீங்க. வீட்டுல தூக்கம் இல்லையா? வெக்கைதானே? சொல்லவே வேணாம், மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. உங்க வீடு புது வீடா, பழைய வீடா? புதுசா. அப்ப உங்களுக்குப் புரியாது. புரியாதவங்களுக்குத்தான் சொல்லணும். புரிஞ்சவன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?

என் பேரு பரஞ்சோதி. திண்டுக்கல்லுல புளிக் கிடங்குல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். புளிக்குக் கோல்ட் ஸ்டோரேஜ் உண்டுன்னு உங்களுக்குத் தெரியுமா? நெறைய பேருக்குத் தெரியாது. மாசி பங்குனியில வர்ற புளி தீவாளிக்கும் செக்கச்செவேல்னு இருக்கணும்னா ஜில்லுன்னு வெச்சாகணும். விட்டோம்னா கறுத்துப் போயிரும். கறுத்த புளியை எவனும் சீந்த மாட்டான். என் காலத்துல ஒரு மூட்டை கறுத்ததில்ல. சித்திரை வெயில்ல வெளிய தார் ரோடு உருகும், உள்ள என் புளி சொகுசாப் படுத்திருக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லல. பெருமைதான், ஆனா அதுக்காகச் சொல்லல. ஒரு சுவரு வழியா வெக்கை எப்படி உள்ள வரும், எப்படி வராமத் தடுக்கணும்னு இந்த ஜில்லாவுலயே என்னைவிடத் தெரிஞ்சவன் கிடையாதுங்கிறதுக்காகச் சொல்றேன்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுல, என் பொண்டாட்டி வெக்கையில தூக்கம் இல்லாம அவ தம்பி வீட்டுக்குப் போய் உக்காந்துட்டா. சித்திரை போயி வைகாசியும் முடியப்போகுது. இன்னும் வரல. அவளைக் கூட்டிட்டு வரத்தான் இப்பப் போறேன். கோபால்பட்டிதான் அவ தம்பி ஊரு. மாந்தோப்புக் குத்தகை எடுத்துச் செய்யறான், தவமணின்னு பேரு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எங்க வீடு ரொம்பப் பழசு. ஒண்ணரைக் கல்லு சுவரு, சுண்ணாம்புக் கட்டு. வர்றவங்க எல்லாம் சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு, பழைய வீடுன்னா பழைய வீடுதான், குளுகுளுன்னு இருக்குமேன்னுவாங்க. ஒண்ணும் தெரியாதவங்க பேச்சு அது. கனத்த சுவரு பகல் பூரா வெயிலைக் குடிக்கும். பொழுது சாஞ்ச பொறவு உக்காந்து உள்ளுக்குள்ள கக்கும். மெல்லிசுச் சுவரு அன்னைய சூட்டை அன்னைக்கே மறந்துரும், கனத்த சுவரு மனசுல வெச்சுக்கிட்டு இருக்கும். எங்க படுக்கிற ரூமோட மேக்குச் சுவரு அந்த ரகம்.

முன்னாடி இந்தத் தொல்லை இல்ல. மேக்கால ஒரு பழைய ரைஸ் மில்லு இருந்துச்சு. அது சுவத்தை ஒட்டி நின்னதால வெயிலே படாது. போன வருஷம் மில்லை இடிச்சுட்டாங்க. எடத்தைப் பால்காரர் சின்னக்காளை வாங்கிப்போட்டாரு. இப்ப அங்க வெட்டவெளி. சாயங்காலம் வரைக்கும் வெயில் நேரா எங்க சுவத்துலதான் வந்து உக்காரும். படுக்கப் போறப்ப சுவத்துல கையை வெச்சா தோசை ஊத்தலாம் போல இருக்கும்.

எங்க வீட்டுக்காரி பேரு அங்கயற்கண்ணி. அதிகம் பேச மாட்டா. நான் பேசுறதுக்கு "ம்" போடுவா, அம்புட்டுத்தான். அவளே ஒரு நாள் வாயத் தொறந்து சொன்னா: "ஏங்க, வெளிப்பக்கமா நாலு தென்னந்தட்டி சாத்தி வெச்சா வெயில் சுவத்துல விழாதுல்ல?"

நான் சிரிச்சேன். தட்டியாம். முப்பது வருஷம் கோல்ட் ஸ்டோரேஜ் பாத்தவன் வீட்டுல தட்டி கட்டினா ஊரு என்ன சொல்லும்? அதுவும் சின்னக்காளை எடத்துல நின்னுல்ல கட்டணும். அவருக்கும் எனக்கும் பேச்சு இல்ல. பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "புளியை ஜில்லுன்னு வெச்சா என்ன, பானையில வெச்சா என்ன, எல்லாம் ரசத்துக்குத்தானே போகுது"ன்னு கேட்டுட்டாரு. அன்னையில இருந்து நான் அவரு வீட்டுப் பாலு வாங்கறதில்ல. அவ மட்டும் பின்பக்கமா வாங்கிக்கிறா. அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா.

வெளிய வேணாம், உள்பக்கமா அடிப்போம்னு முடிவு பண்ணினேன். அந்த நேரம் பாத்து எங்க பழைய கிடங்கைப் பிரிச்சுட்டு இருந்தாங்க. அங்க சுவத்துல அடிச்சிருந்த பேனலை எடுத்துக்கங்கன்னு முதலாளி மகன் சொன்னான். பேனல்னா தெரியும்ல? ரெண்டு பக்கமும் வெள்ளைத் தகரம், நடுவுல நாலு அங்குலத்துக்கு பஞ்சு மாதிரி ஒரு வஸ்து. அதுக்குள்ள வெக்கை நுழைஞ்சா வழி தெரியாம அங்கயே செத்துப்போயிரும். வேன்ல ஏத்திக் கொண்டாந்துட்டேன். சந்தோஷத்துல எனக்கு அன்னைக்குச் சாப்பாடே எறங்கல.

இருதயராஜுன்னு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தவறாமப் போற மனுஷன். ஆனா மனையடி சாஸ்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதான் தம்பி, ரூமோட உள்கூடு இத்தனை அடின்னா இன்ன பலன்னு சொல்லுவாங்கல்ல, அது. எங்க ரூமு குறுக்கால சரியா பத்தடி. பத்தடிக்கு ஆடு மாடு பெருகும்னு பலன். எங்ககிட்ட ஒரு கோழிகூடக் கிடையாது, இருந்தாலும் கெடுதல் இல்லாத பலன்தானேன்னு இத்தனை வருஷம் இருந்துட்டோம்.

மரச்சட்டம் அடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டு, மேல பேனலை நிறுத்தியாச்சு. அதுல மேக்கால இருந்த ஜன்னலும் மூடிப்போச்சு. ஜன்னல் எதுக்கு, வெக்கை உள்ள வர்ற வாசலே அதுதானே. அம்சமா இருந்துச்சு தம்பி, பளபளன்னு வெள்ளை வெளேர்னு. சுவத்துல கையை வெச்சா குளுகுளுன்னு இருக்கு. நான் அவளைக் கூப்பிட்டு, கையை வெச்சுப் பாரு, வெச்சுப் பாருன்னேன். வெச்சுப் பாத்தா. "புளி வாசம் அடிக்குதுங்க"ன்னா.

அடிக்கத்தான் செஞ்சுச்சு. முப்பது வருஷத்துப் புளி, லேசுல போயிருமா? அந்த வாசத்துல படுத்த உடனே எச்சி ஊறும். விடியற வரைக்கும் முழுங்கிக்கிட்டே கெடக்கணும். எனக்குப் பழக்கம், ஒண்ணும் தெரியல. ஆனா அதுலயும் ஒரு உபகாரம் ஆச்சு. எதுத்த வீட்டு மருமகப் பொண்ணு முழுகாம இருந்துச்சு, வாயில பச்சைத் தண்ணி தங்கல. ஒரு நாள் எங்க ரூமுக்குள்ள எட்டிப் பாத்துட்டு அங்கயே சுவத்துல சாஞ்சு உக்காந்துருச்சு. மாமியாக்காரி பழைய சோத்தைக் கிண்ணத்துல கொண்டாந்து அங்கயே ஊட்டிட்டுப் போகும். மூணு வேளையும் எங்க ரூமுலதான் அதுக்குச் சாப்பாடு. அப்புறம் அது தெருவுக்குத் தெரிஞ்சு போச்சு. பின் தெருவுல இருந்து இன்னொரு பொண்ணு. ஒரு கட்டத்துல எங்க வீட்டுக்காரி படுக்கணும்னா ரெண்டு கர்ப்பிணிப் பொண்ணுங்களை எழுப்பிவிட்டுட்டுப் படுக்கணும். அவ எழுப்ப மாட்டா, ஹாலுல சேர்ல உக்காந்துக்குவா. நல்ல மனசு அவளுக்கு.

இது ஒண்ணும் பெரிய குறை இல்ல. இருதயராஜு டேப்பைப் பிடிச்சதுதான் வினை.

"சார், ஒன்பதே காலுல நிக்குதே," அப்படின்னாரு.

"நின்னா என்ன?"

"பத்தைவிட்டு எறங்கி ஒன்பதுக்குள்ள வந்துட்டோம். ஒன்பது ஆயுசுக்கு ஆகாது சார்."

"யார் ஆயுசுக்கு?"

"உள்ள யாரு படுக்கறாங்களோ அவங்க ஆயுசுக்கு."

எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது தம்பி. விஞ்ஞான முறைப்படி வேலை பாத்தவன் நான். ஆனா அங்க கட்டில்ல படுக்கிறது அவ. என் நம்பிக்கையை வெச்சு அவ ஆயுசுல விளையாட முடியுமா? எட்டு என்னன்னு கேட்டேன். எட்டு நல்ல பாக்கியம்னாரு. சரி, எட்டுக்கே போயிருவோம்னு கிழக்குச் சுவத்துக்கும் பேனல் அடிச்சோம். கிழக்குச் சுவத்துல வெயிலே படாது, அந்தப் பக்கம் ஹாலுதான் இருக்கு. ஆனாலும் பலனுக்காக அடிச்சோம்.

அவ கதவோரமா நின்னு பாத்துட்டு, "ஏங்க, வெளிய ஒரு தட்டி போதும்ங்க"ன்னா. நான் அப்ப ஏணி மேல இருந்தேன். ஏணி மேல இருக்கிறவன்கிட்ட எதையாவது சொன்னா காதுல விழுமா?

எட்டுக்குச் சரியா நிக்கும்னுதான் கணக்குப் போட்டேன். இருதயராஜு சட்டத்தைக் கனமா வெச்சுட்டாரு. அளந்து பாத்தா ஏழே முக்கால். அவரு டேப்பைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டாரு. என்னய்யான்னேன். "ஏழு தரித்திரம் சார்." வெச்சது நீதானேய்யான்னேன். "வெச்சது நான்தான் சார், பலன் எழுதினது நான் இல்லையே"ங்கறாரு.

"ஆறு?"

"ஆறு நன்மை."

"என்ன நன்மை?"

"வெறும் நன்மைன்னுதான் சார் இருக்கு. என்னன்னு விவரம் போடல."

பேனல் மிச்சம் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் இன்னொரு வரிசை அடிச்சு ஆறுக்குப் போனோம். சரியா ஆறடி, ஒரு நூல் கூட இல்ல, ஒரு நூல் குறைய இல்ல. இருதயராஜு டேப்புக்கு முத்தம் குடுத்தாரு. தெர்மாமீட்டரை மாட்டினேன், கிடங்குல இருந்து நான் கொண்டாந்தது. வெளிய நாப்பதுன்னா உள்ள இருபத்தொம்பது காட்டுது. ஏசி இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் சுவரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. ரிட்டயர் ஆன பொறவு நான் உருப்படியாச் செஞ்ச முத வேலை அது.

அவளைக் கூப்பிட்டுக் காமிச்சேன். அவ உள்ள வந்து நின்னு ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தா. ரெண்டு சுவத்துலயும் விரல் படுற மாதிரி ஆயிப்போச்சு. "இன்னும் ரெண்டடி போனா அலமாரி. என்னை மடிச்சு உள்ள வெச்சிருங்க"ன்னா. தமாஷாப் பேசுவா சில நேரம்.

அப்புறம்தான் ஒண்ணு தெரிஞ்சுச்சு. கட்டிலு ஆறேகால் அடி. ரூமு ஆறடி. எனக்குப் பிரச்சினை இல்ல, நான் அஞ்சேகால் அடி, தரையில பாயை விரிச்சா அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு. அவ என்னைவிட உசரம். அதோட மூட்டு வலி, தரையில படுத்தா எந்திரிக்க முடியாது. கட்டிலு வேணும். திருப்பிப் போடலாம்னா வடக்கே தலை வெக்கக்கூடாது, தெக்கே வெச்சா பீரோ கதவு தொறக்காது. கடைசில நான் யோசிச்சு ஒரு வழி பண்ணினேன். தலைமாடு ரூமுக்குள்ள, கால்மாடு வாசப்படி தாண்டி ஹாலுல. தலைதானே குளுமையா இருக்கணும். காலுக்கு என்ன?

அவ அப்படியே படுத்தா. தலை கொடைக்கானல்ல, காலு திண்டுக்கல்லுல. ஹாலுல கொசு அதிகம். காலைப் பூரா புடுங்கி எடுத்துருச்சு. காலையில பேப்பர் போடற பையன் வாசல்ல நின்னு உள்ள பாத்துட்டு, சார் யாருக்கு என்னாச்சுன்னு பயந்துட்டான். வெறும் ரெண்டு காலு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குல்ல. எதுத்த வீட்டு மாமியாக்காரி சோத்துக் கிண்ணத்தோட அந்தக் காலைத் தாண்டித் தாண்டிப் போய்ட்டு வருது. தாண்டக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் திருப்பித் தாண்டும்.

ஆனா தம்பி, ரூமு ஜில்லுன்னு இருந்துச்சு. அதை யாரும் மறுக்க முடியாது. நான் பாயில படுத்துக்கிட்டு தெர்மாமீட்டரை டார்ச்சடிச்சுப் பாத்து, இருபத்தொம்பது, இருபத்தொம்பதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அவளுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னுதான். அப்புறம் வெக்கை சுவத்துக்குள்ள எப்படி வருதுன்னு விளக்குவேன். வெளிச் செங்கல்லுல ஆரம்பிச்சு, சுண்ணாம்பு, உள் செங்கல்லு, பூச்சு, இடைவெளி, தகரம், பேனல்னு ஒவ்வொண்ணா. எந்த எடத்துல அது களைச்சுப் போகுது, எந்த எடத்துல மூச்சு வாங்குதுன்னு சொல்லுவேன். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் படுத்தா ஒரு நிம்மதிதானே. முதல்ல "ம்" போட்டுக்கிட்டு இருந்தா. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. தூங்கிட்டான்னு நெனைச்சு எழுப்பிக் கேப்பேன், கேட்டியா, எந்த எடத்துல விட்டேன்னு.

ஒரு நாள் காலையில பையை எடுத்து வெச்சிருக்கா. எங்கடி கெளம்பிட்டேன்னேன்.

"தம்பி வீட்டுக்கு. கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்."

"இங்க என்ன குறை? இருபத்தொம்பது டிகிரிடி. புளிகூடக் கறுக்காது."

"நான் புளி இல்லைங்க," அப்படின்னா. அம்புட்டுத்தான். சத்தம்கூடப் போடல. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, நான் அவளைப் புளின்னா சொன்னேன்? ஒரு உதாரணத்துக்குச் சொல்றதுதானே.

இதுல எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, தவமணி வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவரு மெல்லிசு. மேக்குப் பாத்த வாசல். போன மாசம் ஒரு மத்தியானம் நான் அங்க போறேன், அவ தரையில சாக்கை விரிச்சு, ஒருக்களிச்சு, வாயத் தொறந்து கொறட்டை விட்டுத் தூங்கறா. தரையில, தம்பி. அந்த மூட்டோட. பையில இருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பாத்தா நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணுல ஒரு மனுஷி எப்படித் தூங்க முடியும்? நான் சுவத்தைத் தட்டிப் பாத்தேன், கூரையைத் தட்டிப் பாத்தேன். தவமணி ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, அக்கா தூங்குது. தயவு செஞ்சு தட்டாதீங்க. வந்த நாள்ல இருந்து தூங்கிக்கிட்டேதான் இருக்கு"ன்னான். உங்க வீட்டுச் சுவத்துக்குள்ள என்னடா வெச்சுக் கட்டியிருக்கன்னு கேட்டேன். மண்ணும் சிமெண்டும்தான்ங்கறான். மறைக்கிறான்னு நெனைக்கிறேன்.

எந்திரிச்சதும் வா போலாம்னு கூப்பிட்டேன். அவ ஒரு கண்டிஷன் போட்டா. என்ன கண்டிஷன் பாருங்க.

"ஒரு நாள் மத்தியானம் இங்க வந்து, என் பக்கத்துல, வாயத் தொறக்காம உக்காந்திருங்க. அன்னைக்கே உங்க கூட வந்துர்றேன்."

இதென்ன பெரிய விஷயம்னு மறுவாரம் போனேன். உக்காந்தேன். பேசாமத்தான் இருந்தேன். ஆனா அந்தக் கூரைக்கு மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சா ரெண்டு மூணு டிகிரி கொறையும்ங்கிறதை தவமணிகிட்டச் சொல்லாம எப்படி இருக்கிறது? அது பேச்சு இல்லையே, தகவல்தானே. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. அதுக்கடுத்த வாரமும் போனேன். அன்னைக்கு முக்கால் மணி நேரம் தாக்குப் பிடிச்சேன். அப்புறம் அவ புரண்டு படுத்தா, சுவத்துப் பக்கமா மூஞ்சியத் திருப்பிட்டா. ஏய், வெக்கையே அந்தப் பக்கம் இருந்துதான்டி வருதுன்னு சொல்லிட்டேன். அக்கறையிலதான். திரும்பவும் தனியா பஸ் ஏறினேன்.

வீட்டுல போய்ப் படுத்தா தூக்கம் வரல தம்பி. இருபத்தொம்பது டிகிரியிலதான். பாயில கெடந்து பேசிப் பாத்தேன். சுவரு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா "ம்" போட மாட்டேங்குது. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இந்தப் பக்கம் வெள்ளைத் தகரம், அந்தப் பக்கம் வெள்ளைத் தகரம். கடைசியா வித்துப்போகாம நின்ன ஒத்தை மூட்டை மாதிரி நான் மட்டும் கெடக்கேன்.

இருதயராஜைக் கூப்பிட்டு எல்லாத்தையும் பிரிங்கன்னு சொல்லிட்டேன். அவரு பதறிப்போயிட்டாரு. பிரிக்கிறப்ப ஏழு, ஒன்பதையெல்லாம் தாண்டித்தான் சார் போகணும்னாரு. வேகமாத் தாண்டுங்கன்னேன். எனக்கு அவ கட்டிலு உள்ள வரணும்ங்க, தலையும் காலும் சேந்து உள்ள வரணும். வேற ஒண்ணும் வேணாம். பழையபடி பத்தடிக்கே வந்தாச்சு. கர்ப்பிணிப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு துண்டு பேனலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இப்ப ஒரு அதிசயம் கேளுங்க. பேனல் எடுத்த பொறவும் சுவரு சூடாகல. சத்தியமா. சாயங்காலம் கையை வெச்சா சும்மா வெதுவெதுன்னுதான் இருக்கு. தெர்மாமீட்டர் முப்பதுதான் காட்டுது. எனக்கு முதல்ல புரியல. அப்புறம் உக்காந்து யோசிச்சேன். பேனல் இருந்த நாள்ல, சுவத்துக்குள்ள இருந்த பழைய சூடெல்லாம் உள்ள வர வழி இல்லாம வெளிய போயி காலியாயிருச்சு. சுவரு திருந்திருச்சு தம்பி. இதை எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சிருக்க மாட்டீங்க.

நடுவுல சின்னக்காளை எங்க சுவத்தை ஒட்டி நீளமா ஒரு கீத்துக் கொட்டகை போட்டு மாட்டைக் கட்டியிருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எங்க வீட்டுக்காரி கோபால்பட்டியில இருந்து அவரு சம்சாரத்துக்குப் போன் போட்டு அடிக்கடி பேசுறாளாம். நான் பேனலைப் பிரிச்சதைக்கூட அந்தம்மா சொல்லிருச்சாம். என்னமோ பொம்பளைங்க பேச்சு, எனக்கெதுக்கு. கொட்டகை சுவத்தை முழுக்க மறைச்சிருச்சு, அதான் எனக்கு வருத்தம். சுவரு எப்படித் திருந்திருக்குன்னு வெளிய இருந்து நாலு பேருக்குக் காட்ட முடியல. நேத்து அதுல ஒரு மாடு கன்னு போட்டிருக்கு. இருதயராஜு வந்து பாத்துட்டு, "சார், பத்தடிக்குத் திரும்பினோம், பாத்தீங்களா, மாடு பெருகுது"ங்கறாரு. மாடு அவரு மாடுய்யா, ரூமு என் ரூமுய்யான்னேன். பலனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதாம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து சாயங்காலம் அந்தக் காலி ரூமுல நின்னுக்கிட்டு இருக்கப்பதான் எனக்கு அவ கண்டிஷனோட அர்த்தமே வெளங்குச்சு. ரொம்ப லேட்டு. எங்க கிடங்குல ஒரு சட்டம் உண்டு. உள்ள போறவன் மூட்டையை அடுக்கிட்டு உடனே வெளிய வந்துரணும். உள்ள நின்னு அரட்டை அடிக்கக்கூடாது. ஏன்? மூச்சுக் காத்து சூடு. ஒருத்தன் பேசப் பேச உள்ள வெக்கை ஏறும். நானே எத்தனை லோடுமேனை அதுக்காக வெரட்டியிருக்கேன். அதை என் சொந்த ரூமுல மறந்துட்டேன் பாருங்க. சுவரு வழியா வர்றதைத் தடுத்தேன், வாய் வழியா வந்ததை விட்டுட்டேன். ஆறடி ரூமுல விடிய விடியப் பேசினா அது எங்க போகும்? எல்லாம் அவ தலைமாட்டுலதான் சுத்திக்கிட்டு இருந்திருக்கும். அவ சொன்னது அம்புட்டும் டிகிரிக் கணக்கு. படிக்காதவ, ஆனா எவ்வளவு நுணுக்கமாக் கண்டுபிடிச்சிருக்கா. "வாயத் தொறக்காம"ன்னு நேராவே சொல்லியிருக்கா, எனக்குத்தான் புரியல.

அதனால இன்னைக்கு முடிவோட வந்திருக்கேன். பஸ்ஸை விட்டு எறங்கினதுல இருந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. தெர்மாமீட்டரைக்கூட வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். ஆனா உள்ள இவ்வளவு இருக்குறப்ப பேசாம இருக்க முடியுமா? முடியாது. அதான், எல்லாத்தையும் பஸ்லயே யார்கிட்டயாவது பேசித் தீத்துட்டு, காலியா எறங்கிரணும்னு ஏறினேன். நல்லவேளை நீங்க கெடைச்சீங்க. நீங்களும் பொறுமையாக் கேட்டீங்க. "ம்" மட்டும்தான் போடல. பரவாயில்ல.

தூங்கலையே? கண்ணு செவந்திருக்கு. உங்க வீட்டுலயும் யாராவது நெறையப் பேசுவாங்களா? பாத்து இருந்துக்கங்க, வெக்கைக்கு அது ஒரு காரணம்.

கோபால்பட்டி வந்துருச்சா? கண்டக்டர், நான் எறங்கணும், விசில் குடுங்க. இந்தாங்க தம்பி உங்க பை. இன்னும் ஒண்ணு சொல்ல வேண்டியது பாக்கி இருந்துச்சு, கூரையைப் பத்தி. போகட்டும், விட்டுர்றேன்.

அட.

அங்க பாருங்க, ஸ்டாப்புல. அந்த வேப்ப மரத்தடியில, பச்சைச் சேலை. அவதான். அவளேதான். இங்க எதுக்கு வந்து நிக்கறா இந்த வெயில்ல? கையில பாருங்க, பை. போறப்ப எடுத்துட்டுப் போன அதே பை. துணியெல்லாம் மடிச்சு வெச்ச மாதிரித் தெரியுதே. நான் வர்றேன்னு யாருக்கும் சொல்லவே இல்லையே. இன்னும் நான் அங்க போயி உக்காரவே இல்ல, ஒரு நிமிஷம்கூட வாயை மூடல, அதுக்குள்ள கெளம்பி வந்து நிக்கறா. திண்டுக்கல் போற பஸ் வருதான்னுல்ல அந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டு இருக்கா.

இப்ப இந்தப் பக்கம் திரும்பிட்டா. என்னைப் பாத்துட்டா. சிரிக்கறா, தம்பி.

நான் எறங்குறேன். பேசமாட்டேன், பேசவே மாட்டேன், சத்தியம். நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க.

அவளா முதல்ல பேசினா, நான் "ம்" போடலாமா?